நாற்பத்தொரு மூச்சு

தில்லைநாயகிக்கு ஒரே ஒரு சீடர்தான். குருவுக்கு வயது நாற்பத்திரண்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. பார்க்கிறவர்கள் மாற்றித்தான் நினைத்துக்கொள்வார்கள். இருவரும் திருத்தப் போனதில்லை.

சீடரின் பெயர் பொன்னுரங்கம். இருபத்தெட்டு வருஷம் டெலிபோன் லைன்களில் பழுது பார்த்தவர். கம்பியில் கரகரப்பு என்றால் காதில் வைத்துக் கேட்டே இந்தத் தெரு, இந்தக் கம்பம் என்று சொல்லிவிடுவார். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்த பிறகு கை சும்மா இருக்கவில்லை. பாட்டுப் பதிவுகளைச் சீர்செய்து சேர்க்கிற மிக்ஸிங் வேலையைக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று கிளம்பினார். தம்பிகள் சிரித்தார்கள். மனைவி மரகதம் மட்டும், "போய்ட்டு வாங்க, நான் கொஞ்ச நேரம் நிம்மதியா இருப்பேன்" என்றாள்.

சாலிகிராமத்தில் ஒரு மாடியில் தில்லைநாயகியின் ஸ்டூடியோ. அவர் பாடம் என்று எதுவும் நடத்துவதில்லை. பொன்னுரங்கம் செய்து கொண்டுவரும் மிக்ஸைக் கேட்பார். சுவரில் தொங்கும் தினசரி காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் ஒரு வரி எழுதிக் கொடுப்பார். 'டிரம் முந்துகிறது.' 'குரல் பின்னால் நிற்கிறது, கூப்பிடுங்கள்.' அவ்வளவுதான் பாடம்.

அந்தத் தாள்களைப் பொன்னுரங்கம் தேதிவாரியாக ஃபைலில் கோத்து வைத்திருந்தார். எங்கே போனாலும் பழைய ஆபீஸ் புத்தி விடுமா? ஸ்டூடியோவுக்கு வரும்போதெல்லாம் அந்த ஃபைலும் அவர் அக்குளில் இருக்கும்.

மரகதம் தவறிப்போய்ப் பத்து மாதம் ஆகியிருந்தது. அந்தப் பத்து மாதமும் பொன்னுரங்கம் ஸ்டூடியோ பக்கமே வரவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கையில் மூன்று பெட்டிகளோடு படியேறி வந்தார். ஃபைலும் வந்தது. அதிலிருந்து ஒரே ஒரு தாளை மட்டும் உருவி வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

"என்னண்ணே இது, கடையையே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"தெரிஞ்ச கடைக்காரர் மேடம். ஒரு வாரம் வெச்சுக் கேட்டுப் பார்த்துட்டு ஒண்ணை எடுத்துக்கச் சொன்னார். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

மூன்றும் விலை உயர்ந்த ஓபன்பேக் ஹெட்ஃபோன்கள். காதை மூடும் கிண்ணத்தின் வெளிப்பக்கம் அடைப்பு இருக்காது, வலைதான். உள்ளே ஓடும் பாட்டு வெளியே கசியும், வெளிச்சத்தம் உள்ளே வரும். பஸ்ஸில் மாட்டிக்கொண்டு போனால் பக்கத்து சீட்டுக்காரர் சண்டைக்கு வருவார். ஆனால் பாட்டு தலைக்குள் அடைந்து கிடக்காமல் எதிரே விரிந்து நிற்கும். அதற்காகவே மிக்ஸ் செய்கிறவர்கள் இந்த ரகத்துக்கு உயிரை விடுவார்கள்.

"முதல்ல மாட்டிக்கிட்டு, எதையும் போடாம உட்காருங்க" என்றார் தில்லைநாயகி. எந்தப் புது ஹெட்ஃபோனுக்கும் அவர் வைக்கிற முதல் சோதனை அது.

பொன்னுரங்கம் முதலாவதை மாட்டிக்கொண்டார்.

"என்ன கேக்குது?"

"ஏசி."

இரண்டாவது.

"ஏசி. கீழ யாரோ ஸ்கூட்டரை உதைக்கிறாங்க."

மூன்றாவது தில்லைநாயகி வைத்திருக்கும் அதே மாடல். அவருடையது மேஜைக்குப் பக்கத்தில், ஆணியில், வெள்ளைத் துணி போர்த்தித் தொங்கிக்கொண்டிருந்தது. பொன்னுரங்கம் மாட்டிக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன கேக்குதுண்ணே?"

"என் மூச்சு கேக்குது மேடம்."

பிறகு பாட்டு போட்டுக் கேட்டார்கள். முதலாவதில் பேஸ், அந்த அடித்தொனி, நன்றாக இருந்தது, ஆனால் 'ச' வருகிற இடமெல்லாம் காதில் குத்தியது. இரண்டாவது எல்லாவற்றையும் இனிப்பாக்கிக் காட்டியது. அதை நம்பி மிக்ஸ் செய்தால் வெளியே மானம் போகும் என்றார் தில்லைநாயகி. மூன்றாவது எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. வயலின்காரர் நாற்காலியில் நகர்ந்து உட்கார்ந்தது வரை தெரிந்தது.

"இதுதாண்ணே. இதுல சந்தேகமே இல்ல. ஆனா நீங்க வீட்டுல கத்துக்கிட்டு இருக்கறவர். இவ்வளவு போட்டு வாங்கி என்ன பண்ணப் போறீங்க?"

பொன்னுரங்கம் லேப்டாப்பைத் திறந்தார்.

"மரகதத்தோட தண்ணி லாரிப் பாட்டு ஞாபகம் இருக்கா மேடம்?"

தில்லைநாயகி தலையாட்டினார். மறக்கிற பாட்டா அது? மரகதம் எதை வேண்டுமானாலும் பாட்டாகக் கட்டுவாள். மாவு அரைக்கும்போது கிரைண்டரைத் திட்டி ஒரு பாட்டு, கரண்ட் போனால் அதற்கு ஒன்று. சொன்ன நேரத்துக்கு என்றைக்குமே வராத தண்ணி லாரியைப் பற்றிக் கட்டியது எல்லாவற்றிலும் உசத்தி. போன வருஷம் ஏப்ரலில் பொன்னுரங்கம் அவளைப் பீரோவுக்கு முன்னால் நிறுத்தி, கதவைத் திறந்து வைத்து, புடவைகளுக்கு நடுவே மைக்கை மாட்டி அதைப் பதிவு செய்தார். புடவைகள் எதிரொலியைக் குடித்துவிடும். 'பட்டுப்புடவை வாங்கிக் குடுத்தப்போ இதுக்குன்னு சொல்லவே இல்லையே' என்று அவள் சிரித்ததும் அதில் பதிவாகியிருந்தது.

அவர் பாட்டைப் போட்டார்.

வருது வருதுன்னு குடமெல்லாம் வரிசையில நிக்குது
வந்தபாடில்லை லாரி, வாசல்ல வெயில் குந்துது

குரல் சுத்தமாக, மழை விட்ட தெருவைப் போல இருந்தது.

"இது நான் க்ளீன் பண்ணினது. வெட்டினதை எல்லாம் தனியா ஒரு ஃபோல்டர்ல போட்டு வெச்சிருந்தேன். எதையும் தூக்கிப் போட்டுப் பழக்கமில்லை. போன வாரம்தான் திறந்தேன்."

ஃபோல்டரின் பெயர் 'குப்பை'.

"நாப்பத்தோரு மூச்சு மேடம். ரெண்டு நிமிஷப் பாட்டுல. 'வரிசையில'ங்கற ஒரு வார்த்தைக்கு நடுவுல ரெண்டு தடவை மூச்சு வாங்கியிருக்கா. அதுக்கு முந்தின வருஷம் பாடினதை எடுத்துக் கேட்டேன். வரிக்கு ஒரு மூச்சுதான்."

ஜூலையில் மரகதத்தை ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நுரையீரலில் நீர் கோத்திருந்தது. இதயம் வீங்கியிருந்தது. எத்தனை நாளாக மூச்சு வாங்குகிறது என்று டாக்டர் கேட்டார். நாலு நாளாகத்தான் என்றார் பொன்னுரங்கம். மூன்று மாதம் முன்னால் வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். அந்த ஒரு வாக்கியம் பத்து மாதமாகப் பொன்னுரங்கத்தைத் தூங்கவிடவில்லை. சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லி அழவும் இல்லை.

"அப்ப என்கிட்ட இருந்தது மட்டமான ஹெட்ஃபோன் மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. இது மட்டும் அன்னைக்கு என் காதுல இருந்திருந்தா, அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

தில்லைநாயகி லேப்டாப்பைக் காட்டினார்.

"அந்த ஃபோல்டரைப் போடுங்க."

"வேணாம் மேடம்."

"போடுங்கண்ணே. இதை மாட்டிக்கிட்டே போடுங்க."

மூன்றாவது ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு பொன்னுரங்கம் தட்டினார். பாட்டு இல்லை, சொல் இல்லை. மூச்சு மட்டும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. சில நீளம், சில பாதியில் அறுந்தவை. வலை வழியே கசிந்து அறைக்குள்ளும் வந்தது. பக்கத்து நாற்காலியில் இருந்த தில்லைநாயகிக்கும் நன்றாகக் கேட்டது. மரகதம் மூன்றாவது ஆளாக அங்கே உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

நாற்பத்தொன்றும் முடிந்தன. பொன்னுரங்கம் தேம்பினார். தில்லைநாயகி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார்.

"இதை எல்லாம் எதுல கேட்டு வெட்டினீங்க?"

"பழசுலதான்."

"ஒண்ணாவது கேக்காம, வெட்டாம விட்டுப்போச்சா?"

பொன்னுரங்கம் யோசித்தார். "இல்ல."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. ஆனாலும் பிடித்த கிளையை விட மனம் வரவில்லை.

"சத்தம் கேட்டுது மேடம். லைன்ல வர்ற இரைச்சல் மாதிரி கேட்டுது, எடுத்துட்டேன். வாழ்க்கை பூரா அதைத்தானே பண்ணினேன். நல்ல ஹெட்ஃபோனா இருந்திருந்தா, அது இரைச்சல் இல்ல, என் பொண்டாட்டின்னு காட்டியிருக்கும் இல்ல? உங்களை மாதிரி காது உள்ளவங்க, இந்த மாதிரி ஒண்ணுல கேட்டிருந்தா..."

பாதியில் நிறுத்திக்கொண்டார். வாய் தவறி எங்கே வந்து நின்றோம் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஃபைலைக் குடுங்கண்ணே" என்றார் தில்லைநாயகி.

"எதுக்கு மேடம், அதுல ஒண்ணும்..."

தில்லைநாயகி வாங்கிப் புரட்டினார். ஏப்ரல் பன்னிரண்டு. ஏப்ரல் பதினாறு. அடுத்தது ஏப்ரல் இருபத்தாறு.

"பத்தொன்பதாம் தேதித் தாள் எங்க?"

"எங்கயோ விழுந்திருக்கும்."

"உங்க ஃபைல்லேருந்தா?"

பொன்னுரங்கம் தரையைப் பார்த்தார்.

"மரகதம் போட்டோவுக்குப் பின்னால வெச்சிருக்கேன் மேடம். கிழிச்சுப் போடவும் மனசு வரல. உங்க கண்ணுல மட்டும் பட வேணாம்னு பார்த்தேன்."

தில்லைநாயகி எழுந்தார். ஆணியில் தொங்கிய தன் ஹெட்ஃபோனின் துணியை எடுத்தார். அதைக் கழற்றி வந்து மேஜைமேல், மூன்றாவது ஹெட்ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தார். புதுசு பழசு என்பதைத் தவிர இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

"நீங்க வெட்டறதுக்கு முன்னால அந்தப் பாட்டை எங்கிட்ட கொண்டுவந்தீங்க. நான் இதுலதாண்ணே கேட்டேன். மூணு தடவை கேட்டேன். கேட்டுட்டு, 'மூச்சு அதிகம், எடுத்துவிடுங்கள்'னு எழுதிக் குடுத்தேன்."