பச்சோந்தி கடைக் குடை

ஒரு காட்டுல, மழை வர்றதுக்கு முந்தியே குடைக்கடை வந்துடும், பிள்ளைகளா. கடைக்காரன் பச்சோந்தி. வர்ற ஆளுக்கு ஏத்த மாதிரி அவன் நிறமும் மாறும், பேச்சும் மாறும். கரடி வந்தா "அண்ணாச்சி!" மான் வந்தா "கண்ணு!"

அந்தக் கடைக்குச் செங்காலிங்கிற கௌதாரி வந்தா. அவளுக்குத் தரையில கூடு. கூட்டுல அடைமுட்டை. நனைஞ்சு குளுந்து போனா ஒண்ணுகூட பொரியாது.

"ரொம்ப நாள் உழைக்கிற குடையா குடுங்க."

"தாயி, உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன்!" பச்சோந்தி ரோஸ் நிறமானான். குடையும் ரோஸ். பட்டனை அமுக்கினான். டப்! பூ மாதிரி விரிஞ்சுது. செங்காலி சொக்கிப்போய், சேத்து வச்ச கம்பு தானியத்தையெல்லாம் கொட்டிக் குடுத்து வாங்கிட்டா.

அன்னிக்கே மழை. கூட்டுப் பக்கத்துல குடையை நட்டா. விர்ர்ர்னு ஒரு காத்து. படக்! குடை மேல்பக்கமா மடங்கி, கிண்ணம் மாதிரி தண்ணியைப் பிடிச்சு, அத்தனையையும் முட்டை மேலயே கவுத்துச்சு!

"நீங்க றெக்கையை விரிச்சு மூடிக்கங்க! நான் அந்தக் கடைக்காரனை ஒரு வழி பண்ணிட்டு வர்றேன்!"ன்னு செங்காலி புருஷன்கிட்ட சொல்லிட்டுக் கிளம்பினா.

"சீக்கிரம் வா! எனக்கு ரெண்டு றெக்கைதான இருக்கு!"ன்னு புருஷன்காரன் கத்தினான்.

கடையில ஒரே கூட்டம். செங்காலி ஒடிஞ்ச குடையைத் தூக்கி எறிஞ்சா.

"என்னய்யா குடை இது? முதல் மழைக்கே வாயைப் பொளந்துடுச்சு!"

பச்சோந்தி மண் நிறமானான். "எந்தக் கையில பிடிச்சீங்க?"

"எனக்கு ஏதுய்யா கை?"

"பாத்தீங்களா! தப்பு உங்க மேலதான். மழையை யாரு சாய்வா பெய்யச் சொன்னது? நேரா பெஞ்சிருந்தா நம்ம குடை அசையாது."

"காத்தடிச்சா?"

"காத்துக்கு வேற குடை, தாயி. தனியா வாங்கணும்."

செங்காலிக்கு உச்சந்தலை வரைக்கும் எரிஞ்சுது. அப்பதான் பாத்தா, பச்சோந்தி தலைக்கு மேல ஒரு கறுப்புக் குடை. அழுக்கேறின துணி, தடிச்ச கம்பி, மரப்பிடி. காத்து மோதுது, குடை அசையல.

"அது என்ன விலை?"

"இதா? இது விக்கிறதுக்கு இல்ல. இது எனக்கு."

செங்காலி ஒரு அடி முன்னால வந்தா.

"சரிங்க. நீங்க விக்கிற குடையில ஒண்ணைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் புளியமரம் வரைக்கும் போயிட்டு வாங்க. நனையாம வந்தா, நான் வாயைத் திறக்க மாட்டேன்."

"நியாயம்தான? போயிட்டு வாங்க!"ன்னு கரடி அவன் முதுகுல ஒண்ணு வச்சுது.

வேற வழியில்லாம, கறுப்புக் குடையைக் கடையிலயே விட்டுட்டு, ஒரு மஞ்சக் குடையை விரிச்சு இறங்கினான். விர்ர்ர்! படக்! பச்சோந்தி பச்சையாகி, செவப்பாகி, கடைசியில வெளிறிப்போய்ச் சொட்டச் சொட்ட நின்னான்.

திரும்பிப் பாத்தா, செங்காலி கறுப்புக் குடையோட ஓடிக்கிட்டிருக்கா.

"ஏய்! விக்கிறதுக்கு இல்லைன்னு சொன்னேன்ல!"

"யாருய்யா வாங்குனா? குடைக்குக் குடை மாத்திக்கிட்டேன். உங்க சரக்கு அங்கதான் கிடக்கு, எடுத்துக்கங்க!"

மழை விடவே இல்ல. ஆனா முட்டை மேல அதுக்கப்புறம் ஒரு சொட்டு விழல.

நீதி: விக்கிறவன் என்ன சொல்றான்னு கேக்காதே, அவன் தனக்கு எதை வச்சிருக்கான்னு பாரு.