மந்திர வாளுக்கு நான் சொன்ன விலை

கருநாவல்கோட்டை அரண்மனையில் குழைக்காதன் என்றொரு விகடகவி இருந்தான். மகா புத்திசாலி என்று ஊரே சொல்லும். ஊருக்கு அப்படிச் சொன்னவனும் அவன்தான். நானேதான் அது. கேளுங்கள்.

அது அடைமழைக் காலம். வேட்டை இல்லை, போர் இல்லை. அரசர் வேங்கைமாறருக்கோ சலிப்புத் தாங்கவில்லை. அவருக்காக நான் ஓர் ஆட்டம் கண்டுபிடித்தேன். ஒரு பெரிய துணியில் காடும் மலையும் குகையும் வரைந்து விரித்தேன். ஆடுகிறவர்கள் ஆளுக்கொரு வீரனாக மாற வேண்டும். கதையை நான் சொல்வேன். தங்கள் வீரன் என்ன செய்கிறான் என்று அவர்கள் சொல்வார்கள். வெட்டு விழுந்ததா தப்பியதா என்று பகடை சொல்லும். அசுரனைக் கொன்றால் சோழி கிடைக்கும்.

அரசர் ஆசையாகத் திருடன் ஆனார். அரசி மந்திரவாதி ஆனார். தளவாய் இடும்பராயர் மட்டும் தளவாயாகவே இருந்துகொண்டார். வேறு யாராகவும் இருக்க அவருக்கு வராது.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. என் வாய் சும்மா இருந்ததா? குகை வாசலில் ஒரு கொல்லன் கடையை வைத்தேன். கடையில் ஒரு மந்திர வாள்; அதற்கு அடையாளமாக ஒரு மரக்குச்சி. வீசினால் குறி தப்பாது.

"விலை?" என்றார் அரசர்.

"பத்துச் சோழி" என்றேன், யோசிக்காமல்.

உடனே வாங்கினார். நான் ஒரு மாதம் மண்டையை உடைத்து உருவாக்கிய அசுரர்கள் அத்தனை பேரையும் ஒரே மாலையில் வெட்டித் தள்ளினார். பிறகு கொட்டாவி விட்டார். "அவ்வளவுதானா உன் ஆட்டம்?"

மறுநாள் புது அசுரர்களோடு வந்தேன். வாளைக் கடைக்கே திருப்பி, விலையை ஆயிரம் சோழி ஆக்கினேன். யாராலும் வாங்க முடியவில்லை.

அரசர் எரிந்து விழுந்தார். "யாரும் வாங்க முடியாத வாளைக் கடையில் எதற்குத் தொங்கவிட்டாய்? அதென்ன வௌவாலா?"

இதற்காகவே காத்திருந்தார் தளவாய். "அரசே, இல்லாத வாளுக்கே விலை சொல்லத் தெரியாதவன் இவன். அகழி முதலைகளுக்குத் தீனி போட ஆள் வேண்டுமாம். இவனை அனுப்பலாமே?"

அந்த வேலையை முன்பு பார்த்தவருக்கு ஏழு விரல்தான் மிச்சம். நான் என் விரல்களை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொண்டேன்.

"நாளை மதியம்வரை உனக்கு நேரம்" என்றார் அரசர். "சோழி குவித்து வைத்திருப்பவனும் யோசித்துத்தான் அந்த வாளை வீச வேண்டும். ஒரு சோழிகூட இல்லாதவனாலும் வீச முடிய வேண்டும். அப்படி ஒரு விலை சொல்."

"யார் வந்தாலும் ஒரே விலை!" என்று சேர்த்துக்கொண்டார் தளவாய்.

மறுநாள் காலை கணக்குப் போட்டுக்கொண்டே அரண்மனைக்கு நடந்தேன். கண் வானத்தில், கால் சேற்றில். கோட்டை வாசலுக்குச் சற்று முன்னால் சறுக்கி விழுந்தேன்.

"என்ன ஐயா, வேட்டியெல்லாம் சேறு?" என்றான் காவலன்.

வழுக்கி விழுந்தேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. "மண்ணில் படுத்துத் தவம் செய்தேன்" என்று சொல்லிவிட்டு நடந்தேன். நாலடி வைத்ததும் நின்றேன். விலை கிடைத்துவிட்டது!

சேற்று வேட்டியோடு சபைக்குள் போனேன். "அரசே, அந்த வாளின் விலை ஒரு முட்டாள்தனம்."

"யாருடைய முட்டாள்தனம்?"

"வீசுகிறவருடையது. ஒவ்வொரு முறை வீசும்போதும், தாம் செய்த ஓர் அசட்டுக் காரியத்தைச் சபையில் உரக்கச் சொல்ல வேண்டும். ஒருமுறை சொன்னது மறுமுறை செல்லாது. சோழி இல்லாதவனிடமும் இந்தச் சரக்கு இருக்கும். எவ்வளவு இருந்தாலும் வெளியே எடுக்க யாருக்கும் மனசு வராது."

அரசர் மோவாயைத் தடவினார். "ஆடிப் பார்ப்போம்."

முதல் அசுரன் வந்தான். அரசர் வாளைப் பிடித்தார். தொண்டையைச் செருமினார். "பட்டம் கட்டிய அன்று கிரீடத்தை முன்பின்னாக வைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை. மூன்று வருடம் அப்படியே வைத்திருந்தேன்."

"நான் பார்த்தேன். ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்தேன்" என்றார் அரசி.

சபை வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கியது. அசுரன் செத்தான். அடுத்து வந்த மூன்று அசுரர்களையும் அரசர் சாதாரணக் கத்தியாலேயே குத்திச் சமாளித்தார். "இந்தப் பொடியன்களுக்குப் போய் ஒன்றைச் செலவழிப்பானேன்?" என்றார். எனக்கு உயிர் வந்தது.

அடுத்து பத்துத் தலை அசுரன் வந்தான். நேராகத் தளவாயின் வீரனைப் பிடித்து வாயருகே தூக்கினான்.

"வாளைக் கொடு!" என்று கத்தினார் தளவாய்.

"விலை, ஐயா?"

"நான் வாழ்நாளில் ஒரு முட்டாள்தனமும் செய்ததில்லை."

அரசர் உச்சுக்கொட்டினார். "ஐயோ பாவம்! நம் தளவாய் இவ்வளவு பரம ஏழையா?"

"பல் பட்டுவிட்டது, ஐயா" என்றேன் நான். "கழுத்துப் பக்கம்."

தளவாயின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. அரசரைப் பார்த்தார். பகடையைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மலர்ந்தது.

"இருக்கிறது! ஒன்று இருக்கிறது! பன்னிரண்டு வருடத்துக்கு முன், இந்தக் குழைக்காதனை அரண்மனையில் சேர்த்துக்கொள்ளச் சொல்லி அரசரிடம் சிபாரிசு செய்தது நான்தான்!"

கூரை அதிரும்படி சபை சிரித்தது. அரசர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "குழைக்காதா, இது செல்லுமா?"

நான் வாளைத் தளவாய் பக்கம் நகர்த்தினேன். "தாராளமாகச் செல்லும், அரசே. மீதி கொடுக்கத்தான் என்னிடம் சில்லறை இல்லை."

அரசர் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்தபடியே கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றினார். நான் பணிவாகக் கழுத்தை நீட்டினேன்.

மாலை தளவாய் கழுத்தில் விழுந்தது.

"இப்படி ஒருவனைத் தேடிப் பிடித்துக் கொடுத்தவர் நீர்தானே, இடும்பராயரே!" என்றார் அரசர்.