கல்லுக்கு அடியில் இருந்த கைகள்

இந்தக் கதையை இன்றுவரை நான் முழுசாக நம்பவில்லை. சொன்னவர் எங்கள் ஊர் பழைய ஜமீன்தாரின் பேரன்.

இளவட்டங்கள் பலத்தைக் காட்டத் தூக்கும் உருண்டைப் பாறையான இளவட்டக்கல்லை, ஊர் பார்க்க ஜமீன்தார் தூக்கிப் பழகுவார். நாலு ஆட்கள் அடியில் கைகொடுப்பார்கள். அப்படியும் கல் இடுப்பைத் தாண்டவில்லை. ஒருநாள் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்த பண்ணையாள் மாடக்கண்ணு சிரித்துவிட்டான்.

"சிரிக்கிறியா? திருவிழாவுக்குள்ள கல்லு என் தோளுக்கு ஏற வழி சொல்லு. இல்லேன்னா உன் குடிசையைக் கொளுத்திடுவேன்."

"தோளை மறந்துடுங்க சாமி. முதல்ல முழங்கால் வரைக்கும்னு குறி வைங்க. ஆனா இவங்க கை படக்கூடாது."

"முழங்கால்தானே? விலகுங்கடா!"

நால்வரும் விலகினார்கள். கல் அசையவில்லை.

"பழகினது வீண்போகல சாமி. இவங்க தோளைப் பாருங்க, எப்படித் திரண்டிருக்கு!"

ஊரே சிரித்ததாம். பேரனும் சிரித்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "சரி, உங்க தாத்தா அந்தக் குடிசையைக் கொளுத்தினாரா, இல்லையா?" என்று கேட்டேன்.