மூன்று செம்பு மழை

முன்னொரு காலத்தில் நடந்தது என்பது வரைக்கும்தான் எனக்கு நிச்சயம். அது கடற்கரை ராஜ்ஜியம் என்றும், அங்கே கிணறெல்லாம் உப்பு என்பதால் ஊரே மழைத்தண்ணீரைப் பிடித்துவைத்துக் குடித்தது என்றும் ஞாபகம். செம்பு இரண்டா மூன்றா என்று வெகுநேரம் யோசித்தேன். மூன்றுதான்.

அந்த ராஜாவுக்கு ஒரு நாள் தாகம் எடுத்தது. வெள்ளிக் கிண்ணத்தில் வந்த தண்ணீரில் புறா இறகு ஒன்று மிதந்தது. ராஜா கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

அரண்மனைக் கூரையில் விழும் மழை தூம்பு வழியாக இறங்கி, முற்றத்தின் அடியிலிருந்த பெரிய தொட்டியில் சேரும். தொட்டியைப் பார்த்துக்கொண்டவள் வடிவாம்பாள். சபையில் விகடம் பேசும் பூவணனின் மனைவி.

"தொட்டிக்காரியை நாடு கடத்துங்கள்" என்றார் ராஜா.

பூவணன் எழுந்தான். "மகாராஜா, மழை கூரையில் பட்டது. கூரையில் புறா இருந்தது. தொட்டி என்ன செய்யும்?"

"அப்படியானால் எதிலும் படாத மழையைக் கொண்டு வா" என்றார் ராஜா. சொன்ன வேகத்திலேயே அந்த யோசனை அவருக்குப் பிடித்துப்போயிற்று. "கல், மண், மரம், ஓடு, உலோகம் எதிலும் படாமல் என் செம்பில் விழ வேண்டும். அடுத்த மழையில் ஒரு செம்பு. தவறினால் புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே எல்லையைத் தாண்டுங்கள்."

பூவணனுக்கு மூச்சு வந்தது. அந்தக் கடற்கரையில் மீன்பிடிக்கிறவர்கள் வேட்டியின் நாலு முனையையும் பிடித்துக் கட்டி, கீழே பானை வைத்து மழை பிடிப்பதை அவன் பார்த்திருக்கிறான்.

அரண்மனைக் காரியஸ்தர் சூடாமணியாரும் பார்த்திருந்தார். பூவணன் பேச்சுக்கு ராஜா சிரிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிற மனிதர் அவர்.

"மகாராஜா, விகடகவி துணியில் பிடிக்கப் பார்ப்பார்" என்றார். "துவைத்த துணி, வண்ணான் கல்லில் அடிபட்ட துணி. கல் கூடாது என்பது தங்கள் ஆணை. ஆகவே தறியிலிருந்து இறங்கிய புதுத்துணியாக இருக்க வேண்டும். அதை அடியேனே கொண்டு வருகிறேன்."

"சரி."

"மழை அருமையான பொருள். துணியிலிருந்து வடிவதில் ஒரு சொட்டும் கீழே போகக் கூடாது, தனியே எடுத்துவைக்கவும் கூடாது. மாட்டுக்கும் செடிக்கும் ஊற்றக் கூடாது. தங்கள் உத்தரவில்லாமல் எடுத்துக் குடித்தால் அது திருட்டு."

"அதுவும் சரி" என்றார் ராஜா.

வீட்டில் வடிவாம்பாள் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பவே மூட்டை கட்டுறியா?" என்றான் பூவணன்.

"பின்னே? புதுத்துணியில என்ன இருக்கும்னு தெரியுமா உங்களுக்கு? கஞ்சி. அந்தக் காரியஸ்தர் நெசவாளர் தெருவுல போய், மூணு தடவை கஞ்சி போட்ட துணியாப் பார்த்து வாங்கிட்டுப் போனாராம். தண்ணி அரிசி களைஞ்ச மாதிரி வெள்ளையா வடியும்."

"எத்தனை செம்பு வடியும்?"

"ரெண்டு. மூணாவது தெளிஞ்சிடும். ஆனா முதல் ரெண்டை எங்கே கொட்டுவீங்க? நீங்க குடிச்சா திருடன்." சுருட்டிய பாயை மறுபடி விரித்து அதன்மேல் உட்கார்ந்தாள். "எல்லாத்துக்கும் அந்தக் காரியஸ்தர்தான் காரணம். வருஷத்துல முதல் மழை கூரையைக் கழுவுறதுக்கு. தூம்பைத் திருப்பி வெளியே விட்ருவோம்னு எத்தனை தடவை கேட்டேன்? 'தண்ணியை வீணாக்காதே'ன்னுட்டார். இறகு பின்னே எங்கேயிருந்து வந்துச்சு?"

பூவணன் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு, "அவருக்குத் தான் சொன்னது சரின்னு நிரூபிக்கிறதுல ரொம்ப ஆசை, இல்லையா?" என்றான்.

ஐப்பசி பிறந்து நாலாம் நாள் மத்தியானம், கடல் பக்கம் வானம் கறுத்தது. காற்று வந்தது. அரண்மனையில் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். ராஜா சாப்பாட்டைப் பாதியில் விட்டுக் கை கழுவாமலே முற்றத்துக்கு வந்துவிட்டார். நாலு காவலாளிகள் துணியின் நாலு முனையைப் பிடித்தார்கள். துணி பலகை மாதிரி விறைத்து நின்றது.

"யோவ், தாழ்த்திப் பிடிய்யா, என் பக்கம் கொட்டப் போவுது."

"நீ முதல்ல முழங்கையை மடக்கு."

மழை இறங்கியது. துணி நனைந்து, தளர்ந்து, நடுவில் குழிந்தது. ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு நூல் பிடித்தாற்போல ஒரு தாரை. பூவணன் முதல் செம்பை நீட்டினான். நிரம்பியதும் அடுத்த செம்பை அடியில் கொடுத்தான்.

"பாருங்கள் மகாராஜா" என்று சூடாமணியார் முன்னே வந்தார். "இது மழையா? கஞ்சி."

"வெளுத்திருக்கிறது, அவ்வளவுதான்" என்றான் பூவணன். "கண்ணால் பார்த்துக் கஞ்சி என்று எப்படிச் சொல்வது?"

"குடித்துப் பார்த்தே சொல்கிறேன். மகாராஜா உத்தரவு தர வேண்டும்."

ராஜா தலையசைத்தார். சூடாமணியார் அவசரத்தில் செம்பை வாயில் வைத்தே ஒரு மிடறு குடித்தார். "கஞ்சியேதான்" என்று செம்பை நீட்டினார்.

பூவணன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டான். "காரியஸ்தர் சொன்னால் கஞ்சிதான். ஆனால் அதை என்னிடம் கொடுக்காதீர்கள் ஐயா. எச்சில்பட்டுவிட்டது. மகாராஜாவுக்கு ஆகாது, வேறொருவர் தொட முடியாது. கீழே கொட்டவும் கூடாது. அது தாங்கள் கேட்டு வாங்கிய ஆணை. உத்தரவு பெற்றவரும் தாங்கள்தான்."

ராஜாவின் மீசை அசைந்தது. "குடியுங்கள், காரியஸ்தரே."

சூடாமணியார் குடித்தார். அவர் அடிச்சொட்டை உறிஞ்சும்போது இரண்டாவது செம்பு நிரம்பியிருந்தது. பூவணன் மூன்றாவதை மாற்றிவைத்துவிட்டு, நிரம்பியதைக் காட்டி, "இது தெளிந்துவிட்டது மகாராஜா" என்றான்.

தெளியவில்லை. சூடாமணியாருக்கு அது தெரிந்தது. சும்மா இருந்தால் பூவணன் ஜெயித்துவிடுவான். "கொடும் இங்கே" என்று பிடுங்கிக் குடித்தார். "இதுவும் கஞ்சி." சொன்ன பிறகுதான் கையிலிருந்த செம்பின் கனம் அவருக்கு உறைத்தது. அவரே அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு, கடைசிவரை குடித்தார்.

மழை மெலிந்தது. தாரை நூலாகி, நூல் சொட்டானது. மூன்றாவது செம்பு கழுத்துவரை வரவில்லை. தூண் அருகில் நின்ற வடிவாம்பாள் முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். பூவணனுக்கு எல்லைக்கல் கண்ணில் தெரிந்தது. அப்போது கடல் பக்கமிருந்து இன்னொரு வீச்சு வந்து முற்றத்தை அறைந்தது. செம்பு நிறைந்து வழியப் பார்த்த நேரத்தில் அதை இழுத்து எடுத்தான்.

நேரே சூடாமணியாரிடம் கொண்டு போனான். "ஐயா, இதையும் ருசி பார்த்துச் சொல்லுங்கள்."

சூடாமணியார் செம்பைப் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாம். தெளிவாகத்தான் இருக்கிறது" என்றார்.

ராஜா அதை வாங்கிக் குடித்துவிட்டு, அடக்கி வைத்திருந்ததையெல்லாம் சேர்த்துச் சிரித்தார். செம்பு கையிலிருந்து விழுந்து உருண்டது. "என்ன வேண்டும், கேள்" என்றார்.

"துணியைக் கழுவவே இரண்டு செம்பு வேண்டியிருந்தது, மகாராஜா. கூரை பெரியது. முதல் மழையை வெளியே விட வடிவாம்பாளுக்கு உத்தரவு கொடுங்கள். புறா இறகு தானே போய்விடும்."

ராஜா சூடாமணியாரைப் பார்த்தார். சூடாமணியார் ஏப்பம் விட்டார்.

வடிவாம்பாள் தொட்டிக்குத் திரும்பினாள். சாகும்வரை தூம்பின் வாய் அவள் பொறுப்பில் இருந்தது. பூவணனுக்கு ஒரு சால்வையும் பால்மாடு ஒன்றும் கிடைத்தன. காவலாளிகள் நாலு பேருக்கும் சளி பிடித்தது. சூடாமணியார் காரியஸ்தராகவே இருந்தார், பேச்சைக் குறைத்துக்கொண்டார். ராஜா அதன்பின் தொட்டித் தண்ணீரையே குடித்து வெகுகாலம் ஆண்டார்.