நாரைகளுக்கு ஒரு பட்டறை

வீரகேதன் ஆண்ட நாட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. யாராவது புதுக் கருவி ஒன்றைக் கண்டுபிடித்தால், அதைச் செய்து விற்கும் உரிமை அவருக்கே என்று அரசர் செப்புப் பட்டயம் கொடுப்பார். பட்டயத்தில் ஏதாவது விடுபட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, திருத்திய மறுபட்டயம் வாங்கிக்கொள்ளலாம். எழுதுகிறவரும் மனிதர்தானே.

எழுதுகிறவர் மருதவாணர். நிறையப் படித்தவர், அதை மறைக்கத் தெரியாதவர்.

ஒருநாள் மேற்கரைச் சீமையிலிருந்து உலகாயி என்ற பெண் சபைக்கு வந்தாள்.

"ஐயா, என் செக்குக்கு 'எள் ஆட்டும் செக்கு' என்று எழுதிக் கொடுத்தீர்கள். பக்கத்து ஊர்க்காரன் அதே செக்கைச் செய்து தேங்காய் ஆட்டுகிறான். கேட்டால், பட்டயத்தில் தேங்காய் எங்கே இருக்கிறது என்கிறான்."

"மறுபட்டயம் போட்டுவிடலாம் அம்மா" என்றார் மருதவாணர்.

உடனே மந்திரி தாமோதர ராயர் எழுந்தார். அவர் கீழ்க்கரைச் சீமைக்காரர்.

"பார்த்தீர்களா மகாராஜா? மறுபட்டயம் கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் மேற்கரைக்காரர்கள். கீழ்க்கரையிலிருந்து ஒருவர்கூட வந்ததில்லை. மறுபட்டயம் என்றால் பிழை. பிழை மலிந்த சீமையில் அறிவு எங்கிருந்து வரும்? அங்கே இருக்கும் அரசுப் பட்டறையைக் கீழ்க்கரைக்கு மாற்றிவிடலாம்."

உலகாயியின் முகம் சுண்டிப்போனது. இரும்பும் மரமும் தந்து அவள் செக்குக்கு உருக்கொடுத்ததே அந்தப் பட்டறைதான். மருதவாணர் அவளுடைய பட்டயத்தை வாங்கி மறுபடி படித்தார். தேங்காயை விட்டது அவர் கை அல்லவா.

எண்ணிக்கையைக் காட்டி யார் எதைச் சொன்னாலும் அரசர் நம்பிவிடுவார். "ஆசாரி, வெட்டும். 'மறுபட்டயம் கேளாத சீமைக்கே அரசுப் பட்டறை.'"

செப்புத் தகட்டில் எழுத்து வெட்டும் கோவிந்தாசாரி உளியை எடுத்து வெட்டி முடித்தார். மருதவாணர் தகட்டை வாங்கிப் பார்த்தார்.

"அற்புதமான வாசகம். ஒரு சின்னச் சந்தேகம். கடலுக்குள் நாரைத்திட்டு என்று நமக்கு ஒரு சீமை இருக்கிறது. நாரைகளைத் தவிர அங்கே யாரும் இல்லை. இதுவரை எந்த நாரையும் மறுபட்டயம் கேட்டதில்லை. பட்டறையை ஏற்ற ஓடம் சொல்லட்டுமா?"

அரசர் தாடையைத் தடவினார். "'மனிதர் வாழும் சீமை' என்று திருத்தும்."

ஆசாரி புதுத் தகடு எடுத்தார்.

"கள்ளிமேட்டில் மனிதர்கள் வாழ்கிறார்கள், மன்னா. வாழ்வதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. கருவி இல்லை, பட்டயம் இல்லை, அதனால் மறுபட்டயமும் இல்லை."

"'பட்டயம் பெற்ற' என்பதையும் சேர்த்துவிடும்."

ஆசாரி மருதவாணரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மீண்டும் வெட்டினார்.

"இனிக் குறையில்லையே?" என்றார் அரசர்.

"பட்டயம் பெற்ற கருவி வேலை செய்ய வேண்டும் என்று இதில் காணவில்லையே."

"அதையும் சேர்த்துவிட்டால் போகிறது."

ராயர் இருமினார். "மகாராஜா, அது மட்டும் வேண்டாமே."

"ஏன்?"

"கீழ்க்கரையில் எல்லாவற்றையும் பத்திரமாகச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறோம்."

"கருவிகளையா?"

"பட்டயங்களை."

"கருவிகள்?"

"இனிமேல்தான் செய்யவேண்டும்."

சபையில் யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்துத் தும்மினார்.

"செய்யாத கருவியில் என்ன குறை தெரியும், மன்னா?" என்றார் மருதவாணர். "உலகாயியின் செக்கு ஓடுகிறது. ஓடுவதால்தான் திருடுகிறார்கள். திருடுவதால்தான் திருத்தம் கேட்கிறாள்."

"இருந்தாலும் பிழை பிழைதானே?"

"சந்தேகமென்ன. அந்தக் கணக்குப்படி, இன்று காலையிலிருந்து அதிகமாக மறுபட்டயம் கேட்ட இடம்..."

மருதவாணர் அதற்குமேல் சொல்லவில்லை. ஆசாரியின் காலடியில் கிடந்த தகடுகளைப் பார்த்தார். பிறகு மரியாதையாகச் சிம்மாசனத்தைப் பார்த்தார்.

அரசரும் தகடுகளைப் பார்த்தார். மெல்லப் புரிந்தது. மண்டபத்துப் புறாக்கள் பறக்கும்படி சிரித்தார்.

பட்டறை மேற்கரையிலேயே நிலைத்தது. உலகாயிக்கு 'எண்ணெய் தரும் எதையும் ஆட்டும் செக்கு' என்று மறுபட்டயம் கிடைத்தது. மருதவாணருக்கு ஒரு யானை பரிசு, அதற்கும் பட்டயம்.

மருதவாணர் அதை வாங்கிப் படித்தார். "ஒரு சின்னச் சந்தேகம். யானைக்குத் தீனி யார் போடுவது என்று இதில் இல்லையே."

கோவிந்தாசாரி உளியைக் கீழே வைத்தார்.

"மகாராஜா, நானும் ஒரு புதுக் கருவி கண்டுபிடித்திருக்கிறேன். பட்டயம் வேண்டும்."

"என்ன கருவி?"

"இவர் வாய்க்கு ஒரு மூடி. அளவெல்லாம் சரியாக எடுத்துவிட்டேன். மறுபட்டயமே தேவைப்படாது."