தோளில் ஏறிய தையல் கடை

கோணவாய்க்கால்பட்டிக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். அந்த ஊரின் ஒரே குறை அதுதான்.

அங்கே கடலைக்காட்டு நடுவில் சன்னாசி ஒரு தையல் கடை வைத்திருந்தான். கடை என்றால் நாலு கால் வைத்த மரப்பெட்டி. உள்ளே ஒரு மெஷின், ஒரு முக்காலி, சன்னாசி. இன்னோர் ஆள் நுழைந்தால் இருவரும் மாற்றி மாற்றித்தான் மூச்சு விட வேண்டும்.

ஒரு செவ்வாய்க்கிழமை தாலுகா ஆபீஸ் அதிகாரி ஒருவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்.

“இது விவசாய நிலம். வெள்ளிக்கிழமை வருவேன். அப்பவும் இந்த மண்ணுல கடை நின்னுச்சுன்னா சீல் வச்சிருவேன்.”

சீல் வைத்தால் மெஷினும் உள்ளே மாட்டிக்கொள்ளும். சன்னாசிக்குத் தெரிந்த தொழிலோ அது ஒன்றுதான்.

ஊர் கூடியது. கடையை ரோட்டோரம் கொண்டுபோய் வைக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சாமி சப்பரம் தூக்கும் கூட்டத்துக்குத் தலைவனான ஒச்சப்பன்தான் வழி சொன்னான். மண்ணில் நிற்கக்கூடாது, அவ்வளவுதானே? தூக்கிக்கொண்டால் போச்சு.

ஊராரில் ஒருவனான தவசி விடவில்லை. “தூக்குறவன் கால் மண்ணுல நிக்குமே மாமா?”

ஒச்சப்பன் ஒரு வெற்றிலை மென்று முடிக்கும்வரை யோசித்தான். “நாம என்ன கடையா? விவசாயிதானடா. விவசாயி விவசாய நிலத்துல நிக்கலாம்.”

வெள்ளிக்கிழமை விடிந்ததும் பெட்டிக்கு இரண்டு பக்கமும் சப்பரத்துத் தண்டுகளைக் கட்டி, எட்டுப் பேர் தோள் கொடுத்தார்கள். அங்கேதான் வினை. தோளில் தண்டு ஏறிவிட்டால் அந்த எட்டுப் பேருக்கும் கால் ஓரிடத்தில் நிற்காது, பழக்கம் அப்படி. கடை ஆடி அசைந்து காட்டைச் சுற்றி வலம் வர ஆரம்பித்தது. தவசி பெண்சாதி எதிரே வந்து தேங்காய் உடைத்துச் சூடம் காட்டினாள். உள்ளே கழுத்தில் டேப்போடு உட்கார்ந்திருந்த சன்னாசி, மரியாதைக்குச் சூடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த முத்துப்பேச்சி கூடவே ஓடிவந்து அளவு ஜாக்கெட்டை உள்ளே வீசினாள். அன்றைக்குத் தைத்த சட்டை ஒன்றில் கை இருக்க வேண்டிய இடத்தில் காலர் இருந்தது.

மூன்றாவது சுற்றில் அதிகாரி வந்தார்.

“என்னய்யா இது?”

“மண்ணுல நிக்கலீங்க,” என்றான் சன்னாசி, மேலே இருந்து.

அதிகாரி குனிந்து அடியில் பார்த்தார். நிற்கவில்லைதான். இறக்கச் சொன்னார். இறக்கினால் மண்ணில் நிற்கும், நின்றால் சீல் வைப்பீர்கள் என்று எட்டுப் பேரும் சேர்ந்து விளக்கினார்கள். வெயில் ஏறியது. கடையோடு அவரும் இரண்டு சுற்று நடந்தார். கடைசியில், எப்படியோ தொலையட்டும், அனுமதி எழுதிக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று பையைத் திறந்து பேனாவை எடுத்தார்.

ஒச்சப்பன் பதறிவிட்டான். “ஐயா, இது விவசாய நிலம். ஆபீஸ் வேலையை இங்க மண்ணுல நின்னு செய்யலாமா?”

அவர் வாயைத் திறப்பதற்குள் வேடிக்கை பார்த்த நாலு பேர் அவரை அலாக்காகத் தூக்கிச் சன்னாசி பக்கத்தில் திணித்தார்கள். முழங்கால் முகவாயில் இடிக்க, ஆட்டத்தோடு ஆட்டமாக அவர் எழுதினார்: ‘கடை இப்போது உள்ள நிலையிலேயே தொடரலாம்.’ கையெழுத்தும் போட்டார். சன்னாசிக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷின் பிழைத்தது.

“சரி, இறக்குங்கப்பா,” என்றார் அதிகாரி.

யாரும் இறக்கவில்லை. தவசி காகிதத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தான். “இப்போது உள்ள நிலையிலேயேன்னு போட்டிருக்கே. எழுதும்போது கடை தோள் மேலதான இருந்துச்சு?”

“அது கடைய்யா. என்னை இறக்கு.”

“நீங்களும் உள்ளதான இருந்தீங்க,” என்றான் ஒச்சப்பன், வருத்தத்தோடு. “ஆர்டரை நாங்க மீறலாமா?”

இன்றோடு மூன்று வாரம் ஆகிறது. இரண்டு மணி நேரத்துக்கொரு தரம் ஆள் மாற்றிக்கொள்கிறார்கள். ஆபீஸிலிருந்து வரும் பியூன், ஃபைலைக் கூடவே ஓடி ஓடி நீட்டுகிறார். சும்மா உட்கார்ந்திருக்கப் பிடிக்காமல் அதிகாரி சட்டைப் பட்டனுக்குக் காஜா எடுக்கப் பழகிவிட்டார். நல்ல வேலைதான், வரப்பு வளைவில் கடை திரும்பும்போது மட்டும் ஒரு காஜா முதுகுப்பக்கம் விழுந்துவிடுகிறதாம்.