புட்டியில் அடைத்த பூச்சி

கொய்யாத் தோட்டத்து மேனேஜர் தண்டபாணி, கூலிக்காரி பூவாத்தாளை முதலாளியம்மா முன்னால் நிறுத்தினார்.

"மாவுப்பூச்சியைத் தின்னும்னு பொறிவண்டை விட்டாளே, பூச்சி ஒவ்வொண்ணும் பெருசு பெருசால்ல ஆயிருக்கு! இவளை அனுப்பிட்டு மருந்தடிப்போம்."

"பெருத்ததுல ஒண்ணு, சிறுசுல பத்து, நீங்களே பிடிச்சுப் புட்டியில அடைங்க சார். நாளைக்குப் பார்த்துட்டு என்னை அனுப்புங்க," என்றாள் பூவாத்தாள்.

தண்டபாணி சிரித்துக்கொண்டே அடைத்தார். புட்டியைப் பீரோவில் பூட்டி, சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

மறுநாள் முதலாளியம்மா பார்த்தார். பெருசு மட்டும் ஊர்ந்துகொண்டிருந்தது.

"மீதிப் பத்து எங்கே?"

"இதோட வயித்துலங்கம்மா. பொறிவண்டுக் குஞ்சும் மாவுப்பூச்சி மாதிரியே வெள்ளையாத்தான் இருக்கும். மருந்தடிச்சா சாகப்போறது இதுதான்."

"யாரோ புட்டியைத் திறந்திருக்காங்க!" என்று குதித்தார் தண்டபாணி.

"சாவி உங்க அரைஞாண் கயித்துலதானுங்களே சார் இருந்துச்சு?"